தளம் படுத்துவிட்டதா? ரீபூட் செய்வதற்கு முன் பிழைச் செய்தியைப் படியுங்கள்

"சைட் ஓப்பன் ஆகல" என்று தகவல் வந்ததும் பலருடைய கை நேராக ரீபூட் பொத்தானுக்குத்தான் போகிறது. பாதி நேரம் தளம் எழுந்தும் விடுகிறது. சிக்கலே அங்கேதான். மெமரி தீர்ந்ததா, டேட்டாபேஸ் இணைப்புகள் நிரம்பினவா, எந்த ப்ராசஸ் தொங்கியது என்பதற்கான தடயங்களில் பெரும்பாலானவை ரீபூட்டோடு அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்போது கையில் ஒரு துப்பும் இருக்காது.

பிழைச் செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைச் சொல்வது யார்? ப்ரவுசர் முதலில், தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிடம் முகவரி கேட்கிறது. பிறகு அந்த ஐபிக்குப் போய் சர்வரின் வாசலான போர்ட்டைத் தொடுகிறது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது, வெப் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது. வெப் சர்வர் பின்னால் இருக்கும் அப்ளிகேஷனிடம் கேட்கிறது, அப்ளிகேஷன் டேட்டாபேஸிடம் கேட்கிறது. இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பிழையைச் சொல்வது அதற்கு முந்தைய கண்ணி. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் தன் பெயரைப் போட்டு 502 காட்டுகிறது என்றால் டிஎன்எஸ், நெட்வொர்க், சான்றிதழ், என்ஜின்எக்ஸ் நான்கும் நலம் என்று பொருள். தேட வேண்டிய இடம் அப்போதே பாதியாகக் குறைந்துவிட்டது.

திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எல்லோருக்கும் வரவில்லையா, ஒருவருக்கு மட்டுமா?

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் வந்தால் கோளாறு சர்வரில் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பாஸ்வேர்டைத் தொடர்ந்து தப்பாக அடித்ததால் ஃபெயில்2பேன் என்ற தடுப்பு மென்பொருள் உங்கள் அலுவலக ஐபியையே தடுத்திருக்கலாம். அல்லது உங்கள் ரவுட்டர் பழைய டிஎன்எஸ் பதிலையே பிடித்து வைத்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். ஊரெல்லாம் வரவில்லை என்கிறது, டெவலப்பர் மட்டும் "எனக்கு வருதே" என்கிறார். அவருடைய கணினியில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சர்வர் மாற்றிய நாளில் சோதனைக்காகச் சேர்த்த ஒரு வரி அங்கேயே கிடக்கும். அவருக்கு மட்டும் டிஎன்எஸ் என்ற படியே இல்லை.

சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்றால் ஐபிவி6 பக்கம் பாருங்கள். சர்வர் மாற்றும்போது ஐபிவி4 முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, ஐபிவி6 முகவரியைச் சொல்லும் ஏஏஏஏ ரெக்கார்டை மறந்துவிடுவது சகஜம். ஐபிவி6 உள்ள நெட்வொர்க்கில் இருப்பவர்கள் பழைய சர்வரைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கர்ல் கட்டளையை ஒருமுறை -4 சேர்த்தும் ஒருமுறை -6 சேர்த்தும் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வருகையைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்து அதில் ஒன்று செத்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஆனால் அப்போது ஒரே ஆளுக்கே ஒருமுறை வரும், ஒருமுறை வராது.

புகார் சொல்பவரிடம் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள், முகவரிப் பட்டையும் நேரமும் தெரியும்படி. "வரல" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"சர்வர் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை"

இதைச் சொல்வது ப்ரவுசர். டிஎன்எஸ்ஸைத் தாண்டவே இல்லை. க்ரோமில் இதன் அடியில் சின்ன எழுத்தில் என்எக்ஸ்டொமைன் என்று இருந்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. முதல் சந்தேகம் டொமைன் காலாவதி.

டொமைன் விவரம் காட்டும் ஹூஈஸ் தேடலில் காலாவதித் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டாட் காம் போன்றவற்றில் தேதி முடிந்ததும், அந்தப் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை நடத்தும் ரெஜிஸ்ட்ரி தானாகவே ஓர் ஆண்டு கூட்டிக் காட்டும், நீங்கள் பணம் கட்டாவிட்டாலும். அதனால் தேதி அடுத்த ஆண்டு என்று இருக்கும், தளம் மட்டும் வராது. பார்க்க வேண்டியது ஸ்டேட்டஸ் வரியை. க்ளையன்ட்ஹோல்ட் என்று இருந்தால் உங்களுக்கு டொமைனை விற்ற ரெஜிஸ்ட்ரார் நிறுத்தி வைத்திருக்கிறார், சர்வர்ஹோல்ட் என்றால் ரெஜிஸ்ட்ரியே நிறுத்தியிருக்கிறது. ரெடம்ப்ஷன் என்று வந்துவிட்டால் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, கட்டணம்தான் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் பொதுவுக்குப் போய்விடும்.

பணம் கட்டியும் நின்றுபோகும் ஒரு வகை உண்டு. டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, டொமைனைப் பதிந்தபோதோ தொடர்பு விவரத்தை மாற்றியபோதோ வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை நிறுத்தலாம். அந்த மெயில் ஸ்பேம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். டொமைன் விழுந்தால் மெயிலும் சேர்ந்து விழும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்ட் மீட்கும் மெயிலும் வராது.

டிக் (dig) கட்டளையில் கேட்டு, என்எக்ஸ்டொமைனுக்குப் பதில் சர்வ்ஃபெயில் என்று வந்தால் கதை வேறு. பெயர் இருக்கிறது, நம்பத் தகுந்த பதில்தான் கிடைக்கவில்லை. நேம்சர்வரை அண்மையில் மாற்றினீர்களா? டிஎன்எஸ் பதிலுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறையின் பழைய விவரமான டிஎஸ் ரெக்கார்டு ரெஜிஸ்ட்ராரிடம் அப்படியே இருக்கக்கூடும். டிஎன்எஸ் விடையைத் தேடித் தரும் 8.8.8.8, 1.1.1.1 போன்ற ரிசால்வர்கள் கையொப்பத்தைச் சரிபார்க்கும், அவற்றில் தளம் வராது. சரிபார்க்காத ரிசால்வர் வழியாக வருபவர்களுக்கு ஜம்மென்று திறக்கும். டிக் கட்டளையில் சரிபார்ப்பைத் தவிர்க்கும் +சிடி (+cd) சேர்த்துக் கேட்டால் பதில் வருகிறது, சேர்க்காமல் கேட்டால் வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். டிஎஸ் ரெக்கார்டை நீக்குங்கள். நீக்கிய பிறகும் ஒரு நாள் வரை கேஷில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

டிஎன்எஸ் பிழை தெரிகிறது என்பதற்காகக் காரணமும் டிஎன்எஸ்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது டிஎன்எஸ் பிழை. உண்மையில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள் தங்களை அடையும் பாதையை இணையத்துக்கு அறிவிக்கும் பிஜிபி வழிகளைத் தாங்களே விலக்கிக்கொண்டன. பழுது பார்க்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் மீட்பு இழுத்துக்கொண்டே போனது.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" வேறு, "டைம்டு அவுட்" வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கதவைத் தட்டியதும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று உள்ளிருந்து குரல் வந்தால் அது ரெஃப்யூஸ்டு. தட்டிக்கொண்டே நிற்கிறோம், சத்தமே இல்லை என்றால் டைம்டு அவுட்.

ரெஃப்யூஸ்டு வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், மெஷின் உயிரோடு இருக்கிறது. அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். உள்ளே போய் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்து வெப் சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ் -எல்டிஎன்பி (ss -ltnp) கொடுத்தால் எந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும். வழக்கமான காரணங்கள் மூன்று: கான்ஃபிக் ஃபைலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனது, வேறு எதையோ நிறுவியபோது அப்பாச்சியும் கூடவே வந்து 80ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டது, தானியங்கி அப்டேட்டுக்குப் பிறகு மெஷின் ரீபூட் ஆனது ஆனால் சர்வீஸ் எழவில்லை. மூன்றாவதுக்குக் காரணம், யாரோ முன்பு ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு எனேபிள் கொடுக்காமல் விட்டது. பல மாதம் ஓடிய சர்வர் முதல் ரீபூட்டில்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

டைம்டு அவுட் என்றால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வருகிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்எஸ்எச் வருகிறது, எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443 மட்டும் தொங்குகிறது என்றால் ஃபயர்வால் அல்லது க்ளவுட் செக்யூரிட்டி க்ரூப். எஸ்எஸ்எச், 443 இரண்டுமே வரவில்லையென்றால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாக இருக்கிறது என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை விழுந்தபோது அவர்களால் தங்கள் ஸ்டேட்டஸ் பலகையையே சரியாகப் புதுப்பிக்க முடியவில்லை, அந்தப் பலகையும் எஸ்3ஐ நம்பியிருந்ததால்.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல"

சான்றிதழ். "தானாகப் புதுப்பிக்கும்னு சொன்னாங்களே" என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் வசனம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை தரும் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள், அதைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் மென்பொருள் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இன்று காலாவதி என்றால் ஒரு மாதமாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. 80ஆம் போர்ட்டை யாரோ "பாதுகாப்புக்காக" மூடியிருப்பார்கள், சரிபார்ப்புக் கோரிக்கை உள்ளே வர வழியில்லாமல் போயிருக்கும்.

இதிலும் ஒரு தந்திரமான வகை உண்டு. டிஸ்க்கில் புதிய சான்றிதழ் இருக்கும், ப்ரவுசரில் பழையது தெரியும். என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது, ரீலோட் செய்தால்தான் புதியதைப் படிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாக வெளியிலிருந்து தெரியும் தேதியையும் ஃபைலில் உள்ள தேதியையும் ஒப்பிடுங்கள். மாறுபட்டால் ஒரு ரீலோட்டில் முடிந்தது. புதுப்பித்ததும் தானாக ரீலோட் ஆகும்படி செர்ட்பாட்டில் டெப்ளாய் ஹூக் என்ற கட்டளை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் சரியாக வருகிறது, மொபைல் ஆப்பில் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால், உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விட்டுப்போயிருக்கிறது. டெஸ்க்டாப் ப்ரவுசர்கள் பல, விட்டுப்போன கண்ணியைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். மற்றவை அந்தச் சலுகையைத் தருவதில்லை. கான்ஃபிக்கில் செர்ட் ஃபைலுக்குப் பதில் ஃபுல்செயின் ஃபைலைக் காட்டுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் இந்தப் பிழை என்றால் அவருடைய கணினியின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று, சான்றிதழ் வழங்குபவர்களும் ப்ரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/ப்ரவுசர் மன்றம் முடிவு செய்திருக்கிறது. காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதையும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. தேதியைக் கண்காணிக்க வேண்டியது இனி நீங்கள்தான்.

"டூ மெனி ரீடைரக்ட்ஸ்" என்ற சுற்றும் இந்த வீட்டுப் பிள்ளைதான். உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களை வழங்கும் சிடிஎன் உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் பேசுகிறது, சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறது, சிடிஎன் மறுபடி எச்டிடிபியில் வருகிறது. க்ளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன்னில் எஸ்எஸ்எல் முறை ஃப்ளெக்சிபிள் என்று இருந்தால் ஃபுல் ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். ரீடைரக்டை நீக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

500, அல்லது வெறும் வெள்ளைப் பக்கம்

அப்ளிகேஷனே தடுக்கி விழுந்திருக்கிறது. எரர் லாக்கின் கடைசி வரிகளில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் 5.2 பதிப்பிலிருந்து ரிகவரி மோட் இணைப்பு ஒன்று அட்மின் மெயிலுக்கு வரும். மெயில் வராத சர்வர் என்றால் ப்ளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எல்லா ப்ளகின்களும் அணைந்துவிடும். தளம் எழுந்தால் பெயரைத் திரும்ப வைத்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம்.

இந்த வகைக் கோளாறில் "கடைசியாக என்ன மாற்றினோம்?" என்ற கேள்விக்குத்தான் விடை ஒளிந்திருக்கும்: புதிய ப்ரோக்ராம், ப்ளகின் அப்டேட், பிஎச்பி பதிப்பு. தெரிந்தால் முதலில் பழைய நிலைக்குத் திரும்புங்கள், ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

502 மற்றும் 504

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டிலும் பேசுவது என்ஜின்எக்ஸ். 502 என்றால் பின்னால் இருப்பவர் இல்லை, அல்லது பேச்சின் நடுவே செத்துவிட்டார். 504 என்றால் இருக்கிறார், பதில்தான் சொல்லவில்லை.

502 வந்தால் என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைத் திறங்கள். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்ற வரி இருந்தால் அப்ளிகேஷனை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மோ நோடோ ஓடவில்லை. நோ சச் ஃபைல் என்று, என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் சாக்கெட் ஃபைலின் பெயரோடு இருந்தால் பிஎச்பி பதிப்பை உயர்த்தியிருக்கிறீர்கள். டெபியன், உபுண்டு சாக்கெட் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், கான்ஃபிக் இன்னும் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. அப்ஸ்ட்ரீம் ப்ரிமெச்சூர்லி க்ளோஸ்டு என்று இருந்தால் வேலை நடந்துகொண்டிருந்தபோதே ப்ராசஸ் போய்விட்டது. அப்போது கெர்னல் லாக்கைப் பாருங்கள். டிமெசேஜ் (dmesg) கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்" என்ற வரி கிடைத்தால் கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டது, லினக்ஸேதான்.

பலியாவது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல். காரணம், மெமரியில் பெரிய ப்ராசஸ் அதுதான், கெர்னலின் கண்ணில் அதுதான் முதலில் படும். அதனால் எல்லோரும் டேட்டாபேஸைத் திட்டுவார்கள். உண்மையில் மெமரியைத் தின்றது அளவுக்கு மீறிப் பெருகிய பிஎச்பி ப்ராசஸ்களாக இருக்கும். கணக்கு எளிது. 4 ஜிபி மெஷின் என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்கியூஎல்லுக்கு 1 ஜிபி, இயங்குதளத்துக்கும் மற்றதற்கும் அரை ஜிபி. மிச்சம் இரண்டரை ஜிபி. ஒரு பிஎச்பி ப்ராசஸ் சராசரியாக 80 எம்பி எடுத்தால் முப்பதைத் தாண்டியதும் ஆபத்து. ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி ப்ராசஸ் என்று வரம்பு வைக்கும் பிஎம் மேக்ஸ் சில்ட்ரன் என்ற அமைப்பை 25இல் வையுங்கள். எங்கோ படித்தோம் என்று 100 வைத்திருந்தால், கூட்டம் வரும் நாளில் கூட்டத்தைத் தாங்காமல் தளம் சாகாது, மெமரி இல்லாமல் சாகும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பிஎச்பி-எஃப்பிஎம்மோடு வரும் கான்ஃபிக்கில் அந்த எண் 5. ஐந்தே ஐந்து பேர் மெதுவான பக்கத்தைத் திறந்தால் ஆறாவது ஆள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். லாக்கில் "ரீச்டு பிஎம் மேக்ஸ் சில்ட்ரன்" என்று அதுவே சொல்லும்.

504க்கு வருவோம். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி காத்திருக்கும், பிறகு கைவிடும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, அந்த 60ஐ 300 ஆக்குங்கள் என்பது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 60 விநாடி தாங்காத பார்வையாளர் 300 விநாடி உட்கார்ந்திருக்கப் போவதில்லை, ரீஃப்ரெஷ் தட்டுவார். ஒவ்வொரு தட்டலும் இன்னொரு ப்ராசஸை ஐந்து நிமிடத்துக்குக் கட்டிப் போடும். தளம் இன்னும் வேகமாக விழும்.

அதற்குப் பதில் டாப் கட்டளையைப் பாருங்கள். சிபியு கொதிக்கிறது, மைஎஸ்கியூஎல் மேலே நிற்கிறது என்றால் ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் கொடுங்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே குவெரி (கேள்வி) பத்து இருபது வரிகளில் வரிசையாக நிற்கும், டைம் என்ற பத்தியில் விநாடிகள் ஏறிக்கொண்டே போகும். அந்தக் குவெரிக்கு எக்ஸ்ப்ளெய்ன் போட்டால் இண்டெக்ஸ் இல்லாமல் மொத்த டேபிளையும் துழாவுவது தெரியும்.

சிபியு சும்மா இருக்கிறது, மெமரி இருக்கிறது, டேட்டாபேஸ் அமைதியாக இருக்கிறது, ஆனால் தளம் 504 என்றால்? ப்ராசஸ்கள் எல்லாம் வெளியே யாருக்காகவோ காத்திருக்கின்றன. பணம் செலுத்தும் சேவை, எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை, நாணய மாற்று விகிதம் எடுத்து வரும் சேவை என ஏதோ ஒன்றின் ஏபிஐ மந்தமாகியிருக்கும். உங்கள் ப்ரோக்ராமில் அந்த அழைப்புக்குக் காலக்கெடு வைத்திருக்க மாட்டீர்கள். எஸ்எஸ் -டிஎன்பி (ss -tnp) கட்டளையில் ஒரே வெளி ஐபிக்கு வரிசையாக இணைப்புகள் நிற்பதைக் காணலாம். வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் சில விநாடிகளில் முடியும் காலக்கெடு வேண்டும். அதற்குள் பதில் கிடைக்காவிட்டால் பக்கம் அந்தத் தகவல் இல்லாமலே வரட்டும்.

503, பிறகு 520களில் வருபவை

503 பெரும்பாலும் வேண்டுமென்றே வருவது: பராமரிப்பு நிலை, அல்லது வரம்பு மீறியதால் ஹோஸ்டிங் நிறுவனம் நிறுத்தியது. வேர்ட்பிரஸ் அப்டேட் பாதியில் நின்றால் .மெயின்டெனன்ஸ் என்ற ஃபைல் மிஞ்சிவிடும், அழித்தால் சரியாகும். நீங்களாகப் பராமரிப்புக்கு மூடும்போது ரீட்ரை-ஆஃப்டர் தலைப்போடு 503 கொடுங்கள். "விரைவில் வருகிறோம்" என்ற பக்கத்தை 200இல் கொடுத்தால் தேடுபொறி அதையே உங்கள் உள்ளடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

521, 522, 525, 526 எல்லாம் க்ளவுட்ஃப்ளேரின் சொந்த எண்கள். மேலே சொன்ன அறிகுறிகளேதான், பார்ப்பவர் ப்ரவுசருக்குப் பதில் சிடிஎன். 521 ரெஃப்யூஸ்டு, 522 டைம்டு அவுட், 525 டிஎல்எஸ் கைகுலுக்கல் தோல்வி, 526 செல்லாத சான்றிதழ். 521, 522 திடீரென்று வந்தால் சிடிஎன்னின் ஐபிகளை உங்கள் ஃபயர்வாலே தடுக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பார்வையாளர்களும் சில ஐபிகளின் வழியாக வருவதால் ஃபெயில்2பேனுக்கு அது தாக்குதலாகத் தெரியும்.

சிடிஎன்னே விழுவதும் உண்டு. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன்னில் ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றம் உள்ளே ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட்டது. 2025 நவம்பர் 18 அன்று க்ளவுட்ஃப்ளேரில் பாட்களைக் கண்டறியும் ஒரு ஃபைல் எதிர்பார்த்ததைவிட இரு மடங்காகி மென்பொருளின் வரம்பைத் தாண்டியது. அத்தகைய நாளில் உங்கள் சர்வரைக் கிண்டாதீர்கள், நன்றாக இருப்பதையும் கெடுத்துவிடுவீர்கள். சிடிஎன்னைச் சுற்றி வழி வேண்டுமென்றால் டிஎன்எஸ் வேறு இடத்தில் இருக்க வேண்டும், உங்கள் சர்வர் நேரடிப் போக்குவரத்தைத் தாங்க வேண்டும். அதை முன்பே தீர்மானித்து வைத்திருந்தால்தான் உண்டு.

"டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை"

டேட்டாபேஸ் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மாறியிருக்கிறது, இணைப்புகள் நிரம்பிவிட்டன, டிஸ்க் நிரம்பிவிட்டது. இந்த நான்கில் ஒன்று. இணைப்பு வரம்பு மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 151, போஸ்ட்க்ரெஸில் 100. வரம்பை உயர்த்துவதற்கு முன் யார் இத்தனை இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் 504 பற்றிய பகுதியில் சொன்ன மந்தமான குவெரிதான்.

டிஸ்க்தான் பலரைக் கவிழ்க்கிறது. டிஎஃப் -எச் கொடுத்தால் 100 சதவீதம். லாக், பழைய பேக்கப், பேக்கேஜ் கேஷ் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் கொடுத்து அழித்தால் இடம் திரும்பாது, ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். அழித்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் எல்எஸ்ஓஎஃப் +எல்1 (lsof +L1) அந்த ப்ராசஸைக் காட்டும், அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். இனிமேல் ட்ரங்கேட் கட்டளையால் காலி செய்யுங்கள்.

இடம் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்கிறது என்றால் டிஎஃப் -ஐ (df -i) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஃபைலுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடுகள் தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில் குவிந்து கிடக்கும்.

மைஎஸ்கியூஎல்லின் டேட்டா ஃபோல்டருக்குள் மட்டும் கையை விடாதீர்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பின்லாக் ஃபைல்கள் பெரிதாக இருக்கின்றன என்று ஆர்எம் அடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளை அதற்காகவே இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8இல் பின்லாக் இயல்பாக 30 நாள் தங்கும். சின்ன டிஸ்க்குக்கு அது அதிகம், குறைத்துக்கொள்ளலாம்.

திறக்கிறது, ஆனால் இழுக்கிறது. குறித்த நேரத்தில் படுக்கிறது

இழுக்கிறது என்றால் ஆக்சஸ் லாக்கில் ஐபி வாரியாக எண்ணிப் பாருங்கள். க்ராலர் ஒன்று உங்கள் வடிகட்டிப் பக்கங்களின் எல்லா நிறம், அளவு, வரிசைச் சேர்க்கைகளையும் விடாமல் தோண்டிக்கொண்டிருக்கும். அல்லது லாகின் பக்கத்தை யாரோ விடாமல் இடித்துக்கொண்டிருப்பார்கள். வேக வரம்பு வைத்து, மீறுபவர்களுக்கு 'கோரிக்கைகள் மிக அதிகம்' என்று சொல்லும் 429 கொடுங்கள். ஒரே மெஷினைப் பலர் பகிரும் விபிஎஸ்ஸில் டாப் கட்டளையின் எஸ்டி என்ற எண் உயர்ந்து நின்றால், உங்கள் பங்கு சிபியு பக்கத்து வாடகைதாரருக்குப் போகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தோடு பேச வேண்டிய விஷயம் அது.

தினமும் ஒரே நேரத்தில் என்றால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். பேக்கப், அறிக்கை, செய்திமடல் மூன்றும் நள்ளிரவு 12க்கு என்று மூன்று பேர் தனித்தனியாக வைத்திருப்பார்கள். நேரத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

கண்காணிப்பு வெளியிலிருந்து நடக்க வேண்டும். தளம் இருக்கும் சர்வரிலேயே கண்காணிக்கும் ஸ்க்ரிப்டை வைத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். 200 வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தின் அடியில் வரும் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பாதியில் உடைந்த பக்கமும் பிடிபடும். சான்றிதழுக்கு மிச்சம் எத்தனை நாள், டொமைனுக்கு எத்தனை நாள், டிஸ்க் 80 சதவீதம் தாண்டியதா என்ற மூன்றையும் அதோடு சேர்த்தால், இந்தப் பக்கத்தில் சொன்ன கோளாறுகளில் கணிசமானவை முன்கூட்டியே குரல் கொடுத்துவிடும்.

தளம் எத்தனை சதவீத நேரம் எழுந்திருக்க வேண்டும், அதாவது அந்த எண்ணில் எத்தனை ஒன்பது வேண்டும் என்று நிதானமாக யோசியுங்கள். 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் விழலாம். ஒரு ஆள் தூக்கத்திலிருந்து எழுந்து லேப்டாப்பைத் திறந்து சரிசெய்ய அது கிட்டத்தட்டப் போதும். 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் எந்த மனிதரும் லாகின் கூட ஆக மாட்டார், எல்லாம் தானியங்கியாக இருந்தாக வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். பெரும்பாலான தளங்களுக்கு முதல் எண்ணே தாராளம்.

கான்ஃபிக்கை மாற்றினால் அதைச் சோதிக்கும் என்ஜின்எக்ஸ் -டி (nginx -t) ஓட்டாமல் ரீலோட் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். சர்வர் மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, டிஎன்எஸ் பதில் கேஷில் தங்கும் நேரமான டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள், அன்றைக்குக் குறைத்துப் பயனில்லை. பராமரிப்புக்கு நேரம் குறித்து நீங்களே ஒருமுறை ரீபூட் செய்து, எல்லா சர்வீஸும் தானாக எழுகிறதா என்று பார்த்துவிடுவதும் நல்லது.

பேக்கப் இருக்கிறது என்று சொல்பவரிடம் எங்கே என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அதிகாலை ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். எங்கே என்பதற்கு விடை கிடைத்தால், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ப்ரோக்ராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று தன் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோதுதான் தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி என்று கண்டது. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களை, அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால், பெறும் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

ஆகவே மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் பேக்கப்பை இறக்கித் தளத்தை எழுப்பிப் பாருங்கள். கடைசிப் பதிவின் தேதி சரியா, படங்கள் வருகின்றனவா, லாகின் ஆகிறதா என்று பாருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தளம் விழுந்த நாளில் "எப்ப வரும்?" என்று கேட்பவரிடம் சொல்ல வேண்டிய எண் அதுதான்.